பாய்மரப் படகை வாடகைக்கு எடுக்கப் போறீங்களா? பாயைப் பார்க்கிறதுக்கு முன்னாடி வால்வைப் பாருங்க!

ஓசூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்கலாம். சென்னைக் கடற்கரையைப் பார்க்கவே சுமார் 300 கிலோமீட்டர் போகணும். பக்கத்தில் இருக்கிற பெரிய தண்ணீர் என்றால் கெலவரப்பள்ளி அணையும் கிருஷ்ணகிரி அணையும்தான். ஆனால், ஆறு நண்பர்கள் சேர்ந்து, 'இந்த லீவுக்கு ரிசார்ட் வேண்டாம். ஒரு யாட் எடுத்து நாலு நாள் கடல்லயே இருப்போம்' என்று திட்டம் போடக் கடற்கரையில் பிறந்திருக்கணும்னு அவசியம் இல்லையே!

ரீல்ஸில் பார்க்கும்போது வெள்ளைப் பாய், நீலக்கடல், டெக்கில் சாய்ந்தபடி ஒரு செல்ஃபி. அவ்வளவுதான் தெரியும். ஆனால், பாய்க்குக் கீழே ஒரு முழு வீடு இருக்கு. அந்த வீட்டுக்கு இ.பி லைன் கிடையாது, முனிசிபாலிட்டித் தண்ணீர் கிடையாது, பாதாளச் சாக்கடையும் கிடையாது. கரன்ட்டை நீங்களே உண்டாக்கி, தண்ணீரை நீங்களே சேமித்து, கழிவை நீங்களே வெளியேற்றணும். இதில் ஒன்று தவறினால் ட்ரிப் நாறும். சிலது தவறினால் உயிருக்கே ஆபத்து.

நல்ல செய்தி என்னன்னா, இன்வெர்ட்டர், லாரித் தண்ணீர், எலெக்ட்ரிக் ஸ்கூட்டர், ஷிஃப்ட் ஹேண்ட் ஓவர் என்று தினமும் புழங்குகிற சிப்காட் ஆட்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை இப்போ பார்த்துடலாம்.

எந்த வகை வாடகை?

கோவா, கொச்சி, மும்பையில் சில மணி நேரத்துக்குக் கிடைக்கும் படகுகளில் ஓட்டுபவரும் கூடவே வருவார். நீங்கள் பயணி மட்டும்தான். பல நாள் பயணத்துக்கு இரண்டு வழி இருக்கு. ஒன்று, ஸ்கிப்பருடன் படகு. இன்னொன்று, 'பேர்போட்'. அதாவது, படகை மட்டும் தருவார்கள், கேப்டன் நீங்கள்தான். குரோஷியா மாதிரியான நாடுகளில் பேர்போட் எடுக்க, படகு ஓட்டும் சான்றிதழோடு ரேடியோ இயக்கும் சான்றிதழும் கேட்பார்கள்.

ஸ்கிப்பர் வந்தாலும் சரி, கீழே வருவதைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. அவர் பாயைப் பார்த்துக்கொண்டு இருக்கும் நேரத்தில் டாய்லெட்டுக்குப் போவது நீங்கள்தான். காஸ் அடுப்பைப் பற்ற வைப்பதும் நீங்கள்தான்.

ஹேண்ட் ஓவர்: அவசரப்படாதீங்க

சாவி கொடுக்கும்போது படகு நிறுவனத்தின் ஆள் ஒருவர் படகைச் சுற்றிக்காட்டுவார். நம்மாட்கள் பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் போட்டோ எடுக்கப் போவார்கள். அதைச் செய்யாதீங்க. தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட்டிடமிருந்து மெஷினை எப்படி வாங்குவீங்க? எது ஓடுது, எது ஓடலை, எங்கே எமர்ஜென்சி ஸ்டாப் என்று கேட்டுத்தானே வாங்குவீங்க. இங்கேயும் அதேதான்.

ஒருவர் கேள்வி கேட்கட்டும், இன்னொருவர் மொபைலில் வீடியோ எடுக்கட்டும். ஒவ்வொரு சுவிட்சையும் அவர் போட்டுக்காட்டினால் போதாது, உங்கள் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்க. ராத்திரி இரண்டு மணிக்கு இருட்டில் அலாரம் அடிக்கும்போது அந்த வீடியோதான் கைகொடுக்கும்.

மொத்த கரன்ட் 3.6 யூனிட்!

40 அடி நீளப் படகை எடுத்துக்குவோம். அதில் இரண்டு வகை பேட்டரி இருக்கும். ஒன்று இன்ஜினை ஸ்டார்ட் செய்ய மட்டும். மற்றொன்று விளக்கு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் பம்ப், திசைகாட்டும் கருவிகள் என வீட்டுச் செலவுக்கு. இரண்டும் தனித்தனி. வீட்டு பேட்டரி காலியானாலும் இன்ஜின் ஸ்டார்ட் ஆகணும் என்பதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

உதாரணத்துக்கு, வீட்டு பேட்டரி 12 வோல்ட், 300 ஆம்பியர்-ஹவர் என்று வைப்போம். பெருக்கினால் 3,600 வாட்-ஹவர், அதாவது 3.6 யூனிட். ஓசூரில் தயாராகும் ஏத்தர் 450எக்ஸ் ஸ்கூட்டரின் பெரிய பேட்டரி 3.7 யூனிட். ஆறு பேர் தங்குகிற வீட்டுக்கு ஒரு ஸ்கூட்டர் பேட்டரி அளவுதான் கரன்ட்! அதிலும் ஈய-அமில பேட்டரியாக இருந்தால் பாதிக்குமேல் இறக்கக் கூடாது, இறக்கினால் ஆயுள் போயிடும். ஆக, கையில் இருப்பது 150 ஆம்பியர்-ஹவர்.

இப்போ ஒரு நாள் செலவைக் கூட்டுவோம். ஃப்ரிட்ஜுக்கு சுமார் 60. ஆறு மணி நேரம் ஓடும் ஆட்டோபைலட், கருவிகளுக்கு 30. எல்.இ.டி விளக்குகளுக்கு 10. ஆறு போன்களை ஒருமுறை முழுசா சார்ஜ் செய்ய 12. தண்ணீர் பம்புக்கு 5. மொத்தம் 117. கணக்கு சரியாக வருது. ஆனா, யாராவது இன்வெர்ட்டரில் 1,500 வாட் ஹேர் டிரையரைச் செருகினால், அந்த நிமிஷம் பேட்டரியிலிருந்து 125 ஆம்பியருக்குமேல் உறிஞ்சும். ஏ.சி, கெட்டில், அயர்ன் பாக்ஸ் எல்லாம் கரையில் கட்டி, கரை மின்சாரத்தில் இணைத்த பிறகுதான். தனி ஜெனரேட்டர் இருக்கும் படகுகளுக்கு மட்டும் இதில் விதிவிலக்கு.

பேனலில் வோல்ட் மீட்டர் இருக்கும். ஈய-அமில பேட்டரி ஓய்வில் இருக்கும்போது 12.7 காட்டினால் முழு சார்ஜ், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. அதுக்குக் கீழே இறங்க விடாமல் இன்ஜினைப் போட்டு சார்ஜ் ஏத்திடுங்க. போன் பேட்டரி சதவிகிதத்தைப் பார்க்கும் அதே பழக்கம்தான். புதிய படகுகளில் லித்தியம் பேட்டரி இருந்தால் இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது, அதுக்குத் தனி மானிட்டர் இருக்கும். எதுன்னு ஹேண்ட் ஓவரிலேயே கேட்டுக்கோங்க.

இன்ஜின்: ஸ்டார்ட் பண்ணினதும் பின்னாடி பாருங்க

பாய்மரப் படகு என்றாலும் துறைமுகத்துக்குள் வரவும் போகவும் டீசல் இன்ஜின்தான். காலையில் ஆயில் அளவு, கூலன்ட், பெல்ட் இந்த மூன்றையும் பாருங்க. பைக் வைத்திருப்பவருக்கு இது புதுசு இல்லை. கியர் நியூட்ரலில் இருக்கணும். சாவியைத் திருப்பினதும் ஒரு பீப் சத்தம் வரும், பயப்பட வேண்டாம். இன்ஜின் ஓட ஆரம்பித்ததும் அது நின்றுவிடணும். நிற்கவில்லை என்றால்தான் பிரச்னை.

அடுத்துதான் முக்கியமான வேலை. படகின் பின்பக்கம் எட்டி, புகைக்குழாய் வழியாகத் தண்ணீர் துப்புதான்னு பாருங்க. இந்த இன்ஜினைக் குளிர்விப்பது கடல்நீர். அதை உள்ளே இழுக்க 'இம்பெல்லர்' என்ற ஒரு சின்ன ரப்பர் சக்கரம் இருக்கு. பிளாஸ்டிக் பையோ பாசியோ குழாயை அடைத்தால் தண்ணீர் வராது. தண்ணீர் இல்லாமல் ஓடினால் சில நிமிடங்களில் ரப்பர் கிழியும், அடுத்து இன்ஜின் கொதிக்கும். தண்ணீர் வரலைன்னா உடனே அணைச்சுடுங்க.

அணைப்பதிலும் ஒரு வரிசை உண்டு. பல டீசல் இன்ஜின்களில் முதலில் 'ஸ்டாப்' பட்டனை அழுத்தணும், இல்லைன்னா அதுக்கான கைப்பிடியை இழுக்கணும். இன்ஜின் நின்ற பிறகே சாவியைத் திருப்பணும். கார் பழக்கத்தில் சாவியை முதலில் அணைத்தால் ஆல்டர்னேட்டர் பழுதாகலாம். இன்ஜின் ஓடும்போது பேட்டரியின் மெயின் சுவிட்சைத் தொடவே கூடாது. காரணம் அதேதான்.

தண்ணீர்: ஆளுக்கு ஒன்பதரை லிட்டர்

தொட்டியில் 400 லிட்டர் இருக்கு என்று வைப்போம். ஆறு பேர், ஏழு நாள். வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பதரை லிட்டர். குளிக்க, பாத்திரம் கழுவ, எல்லாத்துக்கும் சேர்த்துத்தான்! ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்னால் கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிராமங்களில் குடம் கணக்கில் வாழ்ந்த உங்க பாட்டியிடம் கேட்டால் எப்படிச் சமாளிப்பதுன்னு சொல்லிக் கொடுப்பாங்க. கடலில் குளித்துவிட்டு, கடைசியா ஒரு மக் நல்ல தண்ணீர் ஊத்திக்கிறதுதான் படகு வழக்கம். குடிக்கத் தனியா கேன் வாங்கிடுங்க.

குழாயைத் திறந்தால் மட்டும் ஓடும் பம்ப் இது. யாரும் குழாயைத் திறக்காதபோது பம்ப் சத்தம் கேட்டால், எங்கேயோ கசியுது அல்லது தொட்டி காலி. உடனே பேனலில் பம்பை அணைங்க. படுக்கப் போகும்போதும் அணைங்க.

தண்ணீர் நிரப்பும்போது ஒரு எச்சரிக்கை. டெக்கில் இரண்டு மூடிகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். ஒன்று தண்ணீர், மற்றது டீசல். டீசல் டேங்க்கில் தண்ணீரை ஊற்றினால் ட்ரிப்பும் போச்சு, டெபாசிட்டும் போச்சு. மூடி மேலே எழுதியிருப்பதை ஒருவர் சத்தமாப் படிக்க, இன்னொருவர் ஹோஸைப் பிடிக்கட்டும்.

டாய்லெட்: வெட்கப்படாமல் கேளுங்க

பல படகுகளில் கையால் பம்ப் அடிக்கும் டாய்லெட்தான். பக்கத்தில் ஒரு சின்ன லீவர் இருக்கும். ஒரு பக்கம் தள்ளினால் கடல்நீர் உள்ளே வரும், மறுபக்கம் தள்ளினால் உள்ளே இருப்பது வெளியே போகும். 15, 20 முறை அடித்தால்தான் குழாய் முழுசா காலியாகும். 'ரெண்டு அடி அடிச்சேன், போயிடுச்சு' என்றால், அது குழாயிலேயே நிக்குதுன்னு அர்த்தம்.

குழாய் ரொம்பக் குறுகல். அதனால், நீங்கள் சாப்பிட்டுச் செரித்ததைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக் கூடாது. டிஷ்யூ, நாப்கின், முடி எல்லாம் குப்பைப் பையில். தண்ணீரில் கழுவும் நம் பழக்கம் இங்கே வசதிதான். பக்கத்தில் கை ஷவர் இருக்கும். ஆனா அது நல்ல தண்ணீர், அளவோடு பயன்படுத்துங்க.

கழிவு முதலில் ஒரு தொட்டியில் சேரும். துறைமுகத்திலும், ஆட்கள் நீந்தும் வளைகுடாவிலும் அதன் வால்வு மூடியே இருக்கணும். எங்கே திறக்கலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறும், கேட்டுக்கோங்க.

படகை மூழ்கடிக்கக் கூடிய வால்வு

இன்ஜினுக்கும் டாய்லெட்டுக்கும் கடல்நீர் எப்படி உள்ளே வருது? படகின் உடம்பிலேயே ஓட்டை போட்டுத்தான்! தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இப்படிப் பல ஓட்டைகள் இருக்கு. ஒவ்வொன்றுக்கும் 'சீ-காக்' என்ற வால்வு உண்டு. உங்க வீட்டு மாடித் தொட்டியில் இருக்கும் பால் வால்வு மாதிரிதான். கைப்பிடி குழாயோடு ஒரே நேராக இருந்தால் திறந்திருக்கு, குறுக்கே இருந்தால் மூடியிருக்கு.

ஹோஸ் கழன்றாலோ கிழிந்தாலோ, திறந்திருக்கும் வால்வு வழியாகக் கடல் உள்ளே வரும். அதனால் டாய்லெட் வால்வுகளைப் பயன்படுத்தாதபோது மூடி வைங்க. எல்லா சீ-காக்கும் எங்கெங்கே இருக்குன்னு ஒரு படம் வரைந்து டைனிங் டேபிள் பக்கத்தில் ஒட்டிடுங்க. வால்வே உடைந்தால் அடைப்பதற்கு, கூம்பு வடிவ மரக்கட்டை பக்கத்திலேயே கட்டியிருக்கும். இருக்கான்னு பாருங்க.

படகின் அடிவயிற்றுக்கு 'பில்ஜ்' என்று பெயர். கசியும் தண்ணீர் எல்லாம் அங்கேதான் சேரும். தண்ணீர் மட்டம் ஏறினால் ஆட்டோமேட்டிக் பம்ப் ஓடும். கையால் அடிக்கும் பம்ப் ஒன்றும் இருக்கும், அதன் கைப்பிடி எங்கேன்னு கேளுங்க. தினமும் காலையில் தரைப்பலகையைத் தூக்கி ஒரு பார்வை பாருங்க. தண்ணீர் இருந்தால் விரலில் தொட்டு நக்கிப் பார்ப்பது மாலுமிகளின் பழைய வழி. எண்ணெயோ டீசலோ மிதக்கலைன்னா நீங்களும் செய்யலாம். உப்புக் கரித்தால் கடல் உள்ளே வருது. கரிக்கலைன்னா உங்க தொட்டி கசியுது.

காஸ் வாசனை வந்தால் சுவிட்சைத் தொடாதீங்க

எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடுறோம், தரையோடு தவழ்ந்து வெளியே போயிடும். படகு ஒரு அண்டா மாதிரி. கீழே கதவே கிடையாது. கசிந்த காஸ் பில்ஜில் போய்த் தேங்கி நிற்கும். ஒரு சின்னப் பொறி போதும், வெடிச்சுடும்.

அதனால்தான் சிலிண்டரைக் கீழே வைக்காமல், வெளியே தனிப் பெட்டியில், காஸ் கடலுக்கு வழியுமாறு ஓட்டை போட்டு வைத்திருப்பார்கள். சமையல் முடிந்ததும் அடுப்பை மட்டும் அணைத்தால் போதாது, சிலிண்டர் பக்கத்து வால்வையும் மூடணும். பல படகுகளில் இதுக்கு அடுப்புப் பக்கத்திலேயே ஒரு மின்சார சுவிட்ச் இருக்கும்.

வாசனை வந்தால் எந்த சுவிட்சையும் போடாதீங்க, அணைக்கவும் அணைக்காதீங்க. இன்ஜினையும் ஸ்டார்ட் பண்ணாதீங்க. எல்லாரும் மேலே டெக்குக்கு வந்து, கையால் சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து காற்று வர விடுங்க. குளிருதுன்னு அடுப்பைப் பற்ற வைத்துக் கதவை மூடிக்கொள்ளவும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

நங்கூரம், வின்ச்: விரல்கள் ஜாக்கிரதை

நங்கூரத்தை ஏற்றி இறக்கும் மோட்டார், படகிலேயே அதிக கரன்ட் தின்னும் பொருட்களில் ஒன்று. இன்ஜினை ஓடவிட்டுத்தான் அதை இயக்கணும். படகை இழுக்கிற வேலையை அந்த மோட்டாருக்குக் கொடுக்காதீங்க. இன்ஜினால் மெதுவாக முன்னே போனால் சங்கிலி தளரும், தளர்ந்ததை மட்டும் அது சுருட்டட்டும். ஆழம் 5 மீட்டர் என்றால் குறைந்தது 20, 25 மீட்டர் சங்கிலி விடணும், காற்று அதிகமானால் இன்னும் அதிகம்.

ஆழம் காட்டும் கருவியிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சில படகுகளில் அது கடல் மட்டத்திலிருந்து ஆழத்தைச் சொல்லும், சிலதில் படகின் அடிப்பாகத்திலிருந்து. உங்க படகு தண்ணீருக்குள் 2 மீட்டர் இறங்கி நிற்கும் வகை என்றால், '2' என்று திரையில் தெரிவது ஒரு படகில் பாதுகாப்பு, இன்னொரு படகில் தரை தட்டும் சத்தம். ஹேண்ட் ஓவரில் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்வி இது.

பாய்க்கயிற்றை இழுக்கும் வின்ச்சில் கயிற்றைக் கடிகாரச் சுற்றில்தான் சுற்றணும். எலெக்ட்ரிக் வின்ச் என்றால் பட்டனை அழுத்துபவரின் கண் கயிற்றிலேயே இருக்கட்டும். பிரஸ் மெஷினில் வேலை பார்த்தவருக்கு இதுக்குமேல் விளக்கம் தேவையில்லை.

போன் சிக்னல் போனால் ரேடியோ

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும் மொபைல் டவர் கைவிட்டுடும். வி.ஹெச்.எஃப் ரேடியோவை 16-ம் சேனலில் எப்பவும் ஆன் பண்ணி வைங்க. பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால்தான் கேட்கும். உயிராபத்து என்றால் 'மேடே' என்று மூன்று முறை, படகின் பெயர் மூன்று முறை, இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லணும். மூடி போட்ட சிவப்பு பட்டன் இருந்தால், மூடியைத் தூக்கிச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் படகின் அடையாளத்தோடு எச்சரிக்கை போகும். ஜி.பி.எஸ்ஸுடன் இணைந்திருந்தால் இடமும் சேர்ந்து போகும். இந்தியக் கடலோரத்தில் மொபைல் சிக்னல் இருந்தால் கடலோரக் காவல்படையின் இலவச எண் 1554.

தகவல் தொடர்பு எவ்வளவு முக்கியம் என்பதற்கு அபிலாஷ் டோமியே சாட்சி. தனியாளாக, எங்கேயும் நிற்காமல் பாய்மரப் படகில் உலகைச் சுற்றிய முதல் இந்தியர் அவர். 2018 கோல்டன் குளோப் போட்டியில் தெற்கு இந்தியப் பெருங்கடலில் புயலில் சிக்கி, பாய்மரம் உடைந்து, முதுகில் அடிபட்டு எழ முடியாமல் கிடந்தார். அந்த நிலையிலும் செயற்கைக்கோள் வழியாக அவர் அனுப்பிய குறுஞ்செய்திகள்தான் நிலைமையை உலகத்துக்குச் சொன்னது. பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது.

எட்டு மாதம், இரண்டு பேர்

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபாவும், கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும் இந்தியக் கடற்படை அதிகாரிகள். 2024 அக்டோபர் 2-ல் கோவாவிலிருந்து ஐ.என்.எஸ்.வி தாரிணி என்ற 56 அடிப் பாய்மரப் படகில் கிளம்பி, 25,000 நாட்டிகல் மைலுக்குமேல் ஓட்டி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே 29-ல் திரும்பினார்கள். இடையில் நின்றது நான்கே துறைமுகங்களில். மெக்கானிக், எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லாமே அந்த இரண்டு பேர்தான்.

அதே தாரிணி, ஆறு பெண் அதிகாரிகளோடு 2017-18-ல் முதல்முறை உலகைச் சுற்றியபோது, திசைதிருப்பும் அமைப்பு பழுதாகி மொரீஷியஸின் போர்ட் லூயிஸில் திட்டமிடாமல் நிற்க வேண்டி வந்தது. கடற்படைப் படகுக்கே அந்த நிலை என்றால், வாடகைப் படகில் ஸ்டீயரிங் சக்கரம் திடீர்னு வேலை செய்யலைன்னா? அதுக்காகவே 'எமர்ஜென்சி டில்லர்' என்ற இரும்புக் கம்பி ஒவ்வொரு படகிலும் எங்கேயாவது ஒரு பெட்டிக்குள் கிடக்கும். அது எங்கே, எதில் மாட்டணும்னு கிளம்புவதற்கு முன்னாடியே மாட்டிப் பாருங்க.

கத்துக்கணுமா?

சென்னைத் துறைமுகத்தில் 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கு, தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கமும் இருக்கு. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் நேத்ரா குமணன் சென்னைக்காரர்தான். சின்னப் படகில் இன்ஜினும் இருக்காது, டாய்லெட்டும் இருக்காது. ஆனால், காற்றைப் படிக்கக் கத்துக்கலாம். அது கைவந்த பிறகு பெரிய படகில் உங்கள் கவனம் முழுக்க மேலே சொன்ன வால்வுகள் மேலேயும் மீட்டர்கள் மேலேயும் இருக்கலாம்.

கிளம்பும் முதல் நாள் சாயங்காலம், படகு இன்னும் கரையில் கட்டியிருக்கும்போதே வேலையைப் பிரிச்சுடுங்க. கரன்ட் ஒருவர், இன்ஜின் ஒருவர், தண்ணீரும் டாய்லெட்டும் ஒருவர், சீ-காக்கும் பில்ஜும் ஒருவர், காஸ் ஒருவர், ரேடியோவும் லைஃப் ஜாக்கெட்டும் ஒருவர். ஆறு பேருக்கு ஆறு வேலை. மறுநாள் காலையில் ஒருவர் வேலையை அடுத்தவருக்கு ஷிஃப்ட் மாத்துங்க. மூணாவது நாள் யாருக்காவது கடல் ஒவ்வாமையால் தலைசுற்றி வாந்தி வந்து படுத்துட்டாலும், அவர் வேலையைச் செய்ய வேறொருத்தர் இருப்பார்.